நடுவில் நின்ற தண்டு

வேலியோரக் கத்தரிச்செடியில், இலைக்கும் வேருக்கும் இடையே தூது போவது தண்டின் வேலை. வேர் கொடுக்கும் தண்ணீரை மேலே ஏற்றும். இலை சமைத்த சர்க்கரையைக் கீழே இறக்கும்.

அந்த வருஷம் மழை வரவேண்டிய மாதத்திலும் வெயில் கொளுத்தியது. காற்றில் கரியமில வாயுவுக்குப் பஞ்சமில்லை. முன்னைவிட அதிகமாகவே இருந்தது. இலைக்குச் சமைக்க அதுதான் அரிசி. ஆனால் அதை வாங்க வாயைத் திறந்தால் உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் பறந்துவிடும். இலை வாயை மூடிக்கொண்டது. சமையல் நின்றுபோனது.

"மிச்சமிருக்கிற சர்க்கரையை வேருக்குக் கொடுத்துடு. எனக்குத் தாகமே இல்லைன்னு சொல்லு" என்றது இலை. சொல்லும்போதே அதன் ஓரம் சுருண்டது.

கீழே வேர், "எனக்கு எதுக்கு? பசியே இல்லை. இந்தத் தண்ணியை இலைக்குக் கொடு. இங்கே நிறைய இருக்குன்னு சொல்லு" என்றது. அதைச் சுற்றி மண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.

தண்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டும் வாய் கூசாமப் பொய் சொல்லுதுங்க! நடுவிலே நான் மாட்டிக்கிட்டேன்" என்று முணுமுணுத்தபடியே சர்க்கரையை வேரின் வாயில் திணித்தது. தண்ணீரைச் சிந்தாமல் மேலே கொண்டுபோய் இலைக்குப் புகட்டியது.

கடைசி மடக்கை விழுங்கிய பிறகுதான் இலை குனிந்து பார்த்தது. தண்டு வளைந்து, தோல் வற்றிப்போயிருந்தது.

"ஆமா, நீ குடிச்சியா?"

தண்டு சட்டென்று முதுகை நிமிர்த்திக்கொண்டது.

"எனக்கென்ன, வர்ற வழியிலேயே வயிறு முட்டக் குடிச்சாச்சு."