மூன்று நிமிடப் பாட்டுகள்

"மூவாயிரம்" என்றேன். வருகிறவர் கண்ணைப் பார்த்து விலை சொல்வது எங்கள் பழைய இசைத்தட்டுக் கடையில் அப்பா காலத்துப் பழக்கம். இவர் கண் ஐயாயிரம் கூடத் தாங்கும்.

"எல்லாரும் இந்தக் குழு பின்னாடி போட்ட அரைமணி நேரப் பாட்டத்தான் தேடுவாங்க. நீங்க என்ன சார், முதல் ஆல்பத்தக் கேக்கறீங்க?"

"அரைமணி நேரப் பாட்டுல கெட்டிக்காரத்தனம் இருக்கு. இதுல எல்லாம் மூணு நிமிஷப் பாட்டு, கூடவே பாடிக்கிட்டு பாத்திரம் கழுவலாம். வீட்ல ஒருத்தி இதச் சொல்லித்தான் சண்டை போடுவா. அப்ப நான் காதுலயே வாங்கல."

பாட்டுப் பட்டியல் அச்சிட்ட காகித உள்ளுறையை உருவி, அவசரமாகத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பென்சில்ல ஏதாவது எழுதியிருந்துதா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பதினொரு பாட்டுக்கும் பக்கத்துல யாரோ கிறுக்கி வெச்சிருந்தாங்க. ஒரு மணி நேரம் உக்காந்து ரப்பரால அழிச்சேன். புதுசாட்டம் இல்ல? அதுக்குத்தான் இந்த விலை."

அவர் காகிதத்தை மெல்லத் தடவினார்.

"என் பொண்ணு எழுத்து. அவ செத்தப்புறம் பாக்க முடியாம, பெட்டியோட பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன். ஆறு மாசமா கடை கடையா தேடறேன்."

பணம் வேண்டாம் என்றேன். எண்ணி மேசையில் வைத்தார்.

"வேலை செஞ்சிருக்கீங்களே."

வாசல் வெளிச்சத்தில் உறையைச் சாய்த்தபடி நின்றார். பென்சில் அழுந்திய தடம் ஓரிடத்தில் மட்டும் படிக்கக் கிடைத்தது: 'இது அப்பாவுக்குப் பிடிக்கும்.'

பதினொன்றில் அவருக்குக் கிடைத்தது ஒன்று. பாக்கி பத்தும் என் கணக்கில் நிற்கிறது.