தலையணைப் பயிற்சி

மேளக்காரன் தலையணையை மடியில் கிடத்தித் தட்டிக்கொண்டிருந்தான்.

“நிறுத்துங்க. கன்னத்துல அறையற மாதிரி இருக்கு” என்றாள் மனைவி.

“எத்தனை மேடை ஏறின கை தெரியுமா இது? எனக்கே பாடமா?”

“மேடை கிடக்கட்டும். உள்ளங்கையைக் குழிச்சு வையுங்க. மணிக்கட்டு மட்டும் ஆடணும். வேகம் ஏறலாம், பாரம் ஏறக்கூடாது.”

மறுபடி தட்டினான். இடக்கை பின்தங்கியது.

“பயமா இருக்குடி. என்னோடது முரட்டுக் கை.”

“பயந்தா ஆச்சா? நாளைக்கு நான் வேலைக்குப் போயிட்டா நீங்கதானே பார்த்துக்கணும்?”

தலையணையை எடுத்துவிட்டு, அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மகளை அவன் மடியில் குப்புறப் படுக்கவைத்தாள். நெஞ்சில் கட்டிய சளியைத் தினமும் முதுகில் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும் என்று சொல்லி நர்ஸ் மனைவிக்குப் பழக்கிவிட்டிருந்தாள்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தட்டினான். கை தானாக வேகம் பிடித்தது. பழக்கதோஷம், முடிக்கும்போது கச்சேரியில் முத்தாய்ப்பு வைப்பதுபோல மூன்று தட்டு கூடுதலாக விழுந்துவிட்டது.

மகள் களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு இருமலானது, இருமலோடு சளியும் வந்தது. “அப்பாடா!” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மகள் தலையைத் தூக்கினாள்.

“அப்பா, இன்னொரு வாட்டி வாசி!”