குடும்பத் தலைவரைக் கேளுங்கள்

"இன்சுலின் ஊசியா? செத்தாலும் வேண்டாம்!" என்று எலோடியா காலை இழுத்துக்கொண்டாள்.

மெக்சிகோ எல்லையோரம், அமெரிக்காவின் லரேடோ நகரத்து மருத்துவமனையின் அந்தச் சின்ன அறையில் அவளுடைய மகன் ராமிரோ, மகள், மருமகள், சம்பந்தி என்று சந்தையே கூடியிருந்தது. சமாதானம் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் தொண்டை வறண்டுவிட்டது.

டாக்டர் ஹென்னிங் ஊருக்குப் புதிது. 'மெக்சிகோக்காரர்கள் வீட்டில் நோயாளியிடம் மட்டும் பேசிப் பயனில்லை, குடும்பத் தலைவரைப் பிடி' என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கதவோரம் கைகட்டி நின்ற தொப்பிக்காரர்தான் அந்தத் தலைவர் என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஐயா, நீங்கதான் எடுத்துச் சொல்லணும். சக்கரை ஏறிக் கால்விரல் கறுத்துக்கிட்டு வருது. இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கலேன்னா விரலையே எடுக்க வேண்டி வரும்."

தொப்பிக்காரர் முன்னால் வந்தார். "ஏம்மா, ஊசி மேல அப்படி என்ன கோபம்?"

"எங்கக்கா அதைப் போட்டுத்தானே குருடானா! சக்கரைக்கு எங்க பாட்டி வைத்தியம், சப்பாத்திக்கள்ளிச் சாறு போதும்."

"அக்கா எப்போ ஊசி போட ஆரம்பிச்சாங்க?"

எலோடியா யோசித்தாள். "கண்ணு மங்கின பிறகு."

"அப்போ கண்ணைக் கெடுத்தது ஊசியா, சக்கரையா?"

"ஐயா சொல்றது நியாயம்தானேம்மா" என்றான் ராமிரோ.

"அப்போ கள்ளிச்சாறு?"

"அதையும் குடிங்க, யாரு வேண்டாம்னா? அளவாக் குடிக்கலாம்ல டாக்டர்?"

டாக்டர் அவசரமாகத் தலையாட்டினார்.

"உங்களுக்குப் பேத்தி இருக்கால்ல? நம்ம வழக்கப்படி ஊரையே கூட்டிக் கொண்டாடுவீங்களே, அவ பதினஞ்சாவது பிறந்தநாள் விருந்து, அதுல நீங்க ஆட வேண்டாமா? நொண்டிக்கிட்டு மூலையில உக்காரப் போறீங்களா?"

எலோடியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சினாள், கண்ணைத் துடைத்தாள். "போடுங்க" என்றாள்.

ஊசி போட்டு முடித்த டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தொப்பிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படி ஒரு தலைவர் கிடைக்க இந்தக் குடும்பம் கொடுத்து வச்சிருக்கணும்!"

ராமிரோ விழித்தான். "இவரு எங்க குடும்பமா? எங்காளுங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆஸ்பத்திரியில வச்சிருக்கிற ஆளுன்னு இல்ல நெனச்சோம்!"

எல்லோரும் திரும்பினார்கள். எலோடியா இறங்கிய கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தொப்பிக்காரர் முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தம்மா சம்மதிச்சாத்தானே டாக்டர், என் டோக்கன் வரும்?"