தராசில் ஏறிய சைக்கிள்

"இந்தக் காலத்துல ஒருத்தரும் நேர்வழியில மேல வர்றதில்லங்க. அந்தப் புள்ளயோட சைக்கிளுக்குள்ள மோட்டார் ஒளிச்சு வச்சிருக்கு. கழட்டிப் பாருங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார் பழனியாண்டிக் கிழவர். போட்டியை நடத்தும் சண்முகராஜா எரிச்சலோடு பார்த்தார். தலவாக்கலை பஜாரில் கடை வைத்திருப்பவர் அவர். டவுனில் தொடங்கிய மலையேற்றச் சைக்கிள் போட்டி, இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் இப்போதுதான் முடிந்திருந்தது. முதலாவதாக வந்தவள் பிரியந்தி. முதலாவது ஆளுக்கு மாகாண அணியில் இடம். புகார் நிரூபணமானால் அந்த இடம் போய்விடும்.

"பெரியவரே, சும்மா பழி போடாதீங்க. கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன். அதனாலதான் சொல்றேன்." கிழவரின் குரல் தாழ்ந்தது. "றோட்டு வளையுற கடைசி முடக்குல நின்னேன். ஆம்பளப் பயலுக எல்லாம் சீட்ட விட்டு எழும்பி, நாக்குத் தள்ளிப்போய் ஏறுறானுக. இது உக்காந்த வாக்குல, எறக்கத்துல போற மாதிரி போவுது. லொறியே மூச்சு வாங்குற மேடுங்க அது. எனக்கு ஒடம்பு புல்லரிச்சுப் போச்சு. மனுசக் காலு அப்படிப் போவாது."

பிரியந்தி தண்ணீர்ப் போத்தலை மூடினாள்.

"மோட்டார் இல்லங்க சேர். ஒரு வருசமா கொழுந்துச் சாக்குல கல்லக் கட்டி, தோள்ல வச்சுக் குந்தி எழும்புறேன். ஒத்தக் கால்லயும் செய்வேன். சைக்கிள மட்டும் ஓட்டினா மேடு ஏறப் பெலம் பத்தாதுன்னு கோச் சொன்னாரு."

"கல்லத் தூக்கினா இடுப்புதான் போவும்," என்றார் பழனியாண்டி. "நான் தூக்காத கல்லா? ஒரு நாளாவது இந்த மேட்டச் சைக்கிள்ல ஏறியிருக்கேனா?"

"ஏறிப் பாத்தீங்களா?" என்றாள் பிரியந்தி.

கூட்டம் சிரித்தது. கிழவர் சிரிக்கவில்லை.

"நிறுங்க. மோட்டார் இருந்தா பாரம் காட்டும்."

வேறு வழியில்லாமல் சண்முகராஜா கையைக் காட்டினார். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் கிஷாந்த், தராசின் கொக்கியில் சைக்கிளை மாட்டினான். பிறகு இரண்டாவதாக வந்தவனுடையதையும் மாட்டினான்.

"ரெண்டும் எட்டுக் கிலோ."

"தண்ணிக்கு எவ்வளவு கழிச்ச?"

"என்ன கழிக்கிறது? சைக்கிளுக்கா?"

"கொழுந்துல தண்ணிக்குன்னு கழிப்பீங்க, சாக்குக்குன்னு கழிப்பீங்க. இதுலயும் கழிச்சிருப்ப. இந்தத் தராசு என்னைக்கு உள்ளதச் சொல்லியிருக்கு?"

கூடையோடு நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். கிஷாந்த் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கிழவர் சைக்கிளருகே குந்தினார். குழாயைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். சக்கரத்தைச் சுற்றினார். கடைசியில், சேறு காய்ந்து இறுகி நின்ற அந்தப் பெண்ணின் கெண்டைக்காலையே கண் எடுக்காமல் பார்த்தார். தொட்டுப் பார்க்க நீண்ட கை பாதியில் நின்றது.

"இத வச்சா அம்புட்டு மேட்டையும் ஏறுன?" மூச்சுக்காற்றில்தான் கேட்டார்.

சண்முகராஜா தொண்டையைச் செருமினார். "புகார் தள்ளுபடி. பிரியந்திதான் முதலாவது."

கைதட்டல் அடங்கும்வரை கிழவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

"நீங்க கை தட்டுங்க. நான் நம்ப மாட்டேன்."

"ஏன் பெரியவரே, எல்லாத்தையும் பாத்தாச்சு. இன்னும் அந்தப் பிள்ளை மேல அப்படி என்ன கோவம்?"

"கோவம் என்னங்க கோவம். இப்படி ஒரு காலு எங்கேருந்து வரும்னுதான் கேக்குறேன்." தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவர் பிரியந்தியின் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் அத வீட்டுக்குத்தானே கொண்டாருவ? அங்க வச்சு நானே கழட்டிப் பாக்குறேன்."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறக்கத்தில் நடந்தார்.

"சரிங்கப்பா," என்றாள் மகள்.