வட்டத்திற்குள் வீடு

கரும்பலகையின் நடுவில் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, அதற்குள் 'வீடு' என்று எழுதியிருக்கிறார் ஆசிரியை. கட்டுரை எழுதுவதற்கு முன் யோசனை திரட்டுகிறார்களாம். "மனசுல வர்றதை அப்படியே சொல்லுங்க. எதுவுமே தப்பு கிடையாது," என்கிறார். வட்டத்திலிருந்து கோடுகள் கிளம்புகின்றன. அன்பு, பாசம், நிம்மதி. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு "வெரி குட்." ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "பூட்டு, மிஸ்," என்கிறாள். கோடு இழுத்துக்கொண்டிருந்த கை பாதியில் நிற்கிறது. "நல்லதா யோசிம்மா." "அப்பா வெளிய போறப்ப அம்மாவை உள்ள வெச்சுப் பூட்டிட்டுதான் போவார், மிஸ். இப்பக்கூட." முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். ஆசிரியை திரும்பிப் பார்க்காமலே கோட்டை முடிக்கிறார். அதன் நுனியில், முத்து முத்தான கையெழுத்தில், 'பாதுகாப்பு' என்று எழுதிவிட்டுக் கையிலிருந்த தூளைத் தட்டிக்கொள்கிறார். எதுவுமே தப்பு கிடையாதாம்! எல்லாத் தலைகளும் அதை நிமிர்ந்து பார்த்துக் குனிந்து எழுதுகின்றன. அவள் மட்டும் உட்காரவில்லை. "அது நான் சொன்னது இல்ல, மிஸ். அழிங்க."