போன தடவை வந்தவள்

"போன தடவை மாதிரியே மேல்தளத்துல, நிழலாப் பார்த்து மேசை போட்டுடவா சார்?"

கேட்ட வேகத்திலேயே பணிப்பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணவரின் முகம் வெளிறிப்போனது.

"போன தடவையா?" என்றாள் மனைவி. "முதல் தடவையா வர்றோம்னுதானே சொன்னீங்க?"

"வேற யாரையோ நினைச்சுக் கேக்கறாங்கம்மா. எத்தனை பேர் வந்து போற இடம்!" என்று சொல்லிவிட்டு, அவர் கேப்டனைப் பார்க்கப் போவதுபோல் நழுவினார்.

ஆள் மாறிப்போகிற அளவுக்குப் பெரிய கப்பலா அது? பத்துப் பன்னிரண்டு ஜோடிகள் மட்டும் தங்கும் சின்னச் சொகுசுக் கப்பல். வந்தவர் எந்தப் பக்கம் படுப்பார், காபிக்குச் சர்க்கரை உண்டா இல்லையா என்பது வரை மனதில் வைத்திருந்து, அடுத்த முறை கேட்காமலே செய்வதுதான் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குப் பெருமை.

மனைவியும் ஏறியதிலிருந்து பார்க்கிறாள். அவருக்குக் கேட்காமலே சர்க்கரை இல்லாத காபி வருகிறது. கேப்டன் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்.

அறையில் விரிப்பு மாற்ற வந்த அதே பணிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லு. அவரோட யார் வந்தது?"

"விருந்தாளிங்களைப் பத்தி நாங்க பேசக்கூடாது மேடம்."

"பொம்பளைதானே?"

தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அதுவே பதிலாகிவிட்டது.

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பயப்படாதே, உன்னை மாட்டிவிட மாட்டேன். அடுத்த துறைமுகத்துல இறங்கி என் தங்கச்சி வீட்டுக்கே போயிடறதா, இல்லை இந்த மனுஷனோட இன்னும் குப்பை கொட்டறதான்னு நான் முடிவு பண்ணணும். சின்னப் பொண்ணா அவ?"

"இல்லை மேடம். உங்க வயசுதான்."

"கிழிஞ்சது! துரோகம் பண்ணாலும் சிக்கனமாத்தான் பண்ணியிருக்கார்."

பணிப்பெண்ணுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இங்க வந்து என்ன பண்ணுவா?"

"நடுக்கடல்ல கப்பலை நிறுத்திப் பின்பக்கத் தளத்தை இறக்குவோம் மேடம், குளிக்கறதுக்கு. அவங்கதான் முதல்ல குதிப்பாங்க. சார் துண்டை வச்சுக்கிட்டு, 'ஏய், தூரமாப் போகாதடி'ன்னு கத்துவார்."

குளியல் தொட்டியில் கால் வைக்கவே மனைவிக்கு உடம்பு நடுங்கும். கப்பலேறியதிலிருந்து ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை.

"அதானே! என்னை மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியைக் கட்டிக்கிட்டவர் வேற எங்க போவார்? அவகிட்ட ரொம்பப் பிரியமோ?"

"உயிரையே வச்சிருக்கார் மேடம்."

"இன்னுமா?"

"இன்னும்தான்."

அவ்வளவுதான். மனைவி விருட்டென்று எழுந்து பெட்டியை இழுத்தாள். கையில் கிடைத்த புடவைகளையெல்லாம் மடிக்காமல் உள்ளே திணித்தாள். நிமிர்ந்தால், வாசலில் கணவர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ!

"நான் இறங்கிக்கறேன். நீங்க அவளையே கூட்டிட்டு வந்து ராஜா மாதிரி சுத்துங்க."

"அவளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போகத்தாம்மா நான் இந்தக் கப்பலுக்கே வந்தேன்," என்றார் அவர்.

"என் முகத்தைப் பார்த்தே சொல்றீங்களா இதை?"

பெட்டியை மூடப்போனவளின் இரண்டு கைகளையும் பணிப்பெண் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"தானா ஞாபகம் வரட்டும், யாரும் சொல்லாதீங்கன்னார் சார், என்னாலதான் முடியலை... மூளைக்காய்ச்சல்ல உங்களுக்கு இந்தக் கப்பல், கடல் எல்லாமே மறந்து தண்ணின்னாலே பயமாயிடுச்சு அக்கா, வருஷா வருஷம் அவரோட வந்து முதல் ஆளாக் கடல்ல குதிச்சது நீங்கதான்!"