அழுத்தத்தை எடுத்தவர்

மதிப்பீட்டுக் குழு வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. உறைகுளிர்க் கலத்துக்குள் இருந்த கருவியின் திருகை, வெளியிலிருந்தே நீளச் சாவியால் அவள் திருப்பிக்கொண்டிருந்தாள். "நல்லா இறுக்கிடும்மா, இன்னைக்கு மானம் போயிடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பேராசிரியர் டையைச் சரிசெய்யப் போனார்.

அவள் இறுக்கவில்லை. தளர்த்திக்கொண்டிருந்தாள்.

அந்தத் திருகை இறுக்கி, கருவிக்குள் இரண்டு வைரங்களுக்கு நடுவே இருக்கும் பொருளை நசுக்கினால், அது மின்தடையே இல்லாத மீக்கடத்தி ஆகிவிடும். அழுத்தத்தை எடுத்தால் அவ்வளவுதான், அந்தக் குணம் செத்துவிடும். உலகத்துக்கே அதுதான் தலைவலி. பேராசிரியரின் ஆய்வகத்தில் அந்தப் பொருளுக்காக அவள் ஆறு வருடம் உழைத்தாள். கட்டுரை வெளிவந்தபோது அதில் அவள் பெயரைக் காணோம். கேட்டதற்கு, "திருகு திருப்பறவதானே நீ" என்று பேராசிரியர் வேறு சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் மறக்கவே முடியவில்லை.

வழக்கமாகக் கருவியை அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கால் கால் சுற்றாகத் தளர்த்துவார்கள். அவசரப்பட்டால் வைரம் விரிசல் விடும். இன்று அவள் குளிரிலேயே ஒரே மூச்சில் தளர்த்தினாள். வைரம் போனால் போகட்டும், அந்த ஆளின் மூக்கு உடைந்தால் போதும்.

குழு வந்தது. பேராசிரியர் அரை மணி நேரம் தன் பெருமையையே பேசிவிட்டு மின்சாரத்தைப் பாய்ச்சினார். மின்தடை பூஜ்யம் என்று திரை காட்டியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

குழுத் தலைவி குனிந்து அழுத்தமானியைப் பார்த்தார். அதிலும் பூஜ்யம்.

"அழுத்தமே இல்லாம எப்படி வேலை செய்யுது?"

பேராசிரியர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அதுதான் தன் புதுக் கண்டுபிடிப்பு என்றும், காலையில் தானே அழுத்தத்தை எடுத்ததாகவும் கூசாமல் சொன்னார். எப்படி எடுத்தீர்கள் என்றதற்கு, எப்போதும் போலச் சூடாக்கி நிதானமாகத்தான் என்றார்.

அப்போதுதான் அவளுக்கு விஷயமே புரிந்தது. குளிரிலேயே அழுத்தத்தைச் சட்டென்று எடுத்ததால், பொருள் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லாமல் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. சூடாக்கியிருந்தால் அந்தக் குணம் போயிருக்கும்.

அடுத்த மேசையில் இன்னொரு குளிர்க் கலத்துக்குள் அழுத்தத்தோடு இருந்த அதே மாதிரிக் கருவியைக் காட்டி, அதிலும் அழுத்தத்தை எடுத்துக் காட்டச் சொன்னார் குழுத் தலைவி. பேராசிரியர் பழக்கதோஷத்தில் சாவியை அவளிடம் நீட்டினார்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே எடுங்க சார்."